விடுகதையும் விடைநூலும்

ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்காகக் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு ஏழு நாள்கள் ஏதேனும் ஒரு சிற்றூரில் தங்குவது நம் வழக்கம். தங்குமிடம் பெரும்பாலும் அவ்வூர்த் தொடக்கப்பள்ளியாகவே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு தங்கியிருந்தபோது, ஒரு மாலையில் பள்ளித் திண்ணையில் கூடிய பிள்ளைகளுக்கு நம் மாணவர் ஒருவர் விடுகதை போட்டார். அவர் பாதி சொல்வதற்குள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் விடையைச் சொல்லிவிட்டான். அடுத்ததற்கும் அவனே சொன்னான்; அதற்கடுத்ததற்கும் அவனே. வியப்போடு, "எப்படியப்பா இத்தனை விரைவாகக் கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்டோம். "கண்டுபிடிக்கலை சார், நோட்ஸ்ல இருக்கு. அஞ்சாவது கேள்வி" என்றான்.

அப்போது சிரித்துவிட்டோம். பின்னர் நினைக்க நினைக்க அந்த விடை நம்மை உறுத்தியது. விடுகதையைப் பாடநூலில் சேர்த்தவர் நல்ல எண்ணத்தோடுதான் சேர்த்திருக்கிறார். பிள்ளைகள் சிந்திக்க வேண்டும், மொழியோடு விளையாட வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் பாடநூலுக்கும் பிள்ளைக்கும் இடையில் விடைநூல் ஒன்று வந்து அமர்ந்துகொள்கிறது. விடுகதை அங்கே ஒரு மதிப்பெண் வினாவாகிவிடுகிறது. எலுமிச்சைக்கும் நிலவுக்கும் என்ன உறவு என்று எண்ணிப் பார்க்க வேண்டிய பிள்ளை, ஐந்தாவது வினாவுக்கு விடை இன்னது என்று மனப்பாடம் செய்கிறான். அவன் மேல் பிழையில்லை. பள்ளி அவனிடம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவன் தருகிறான்.

தொடக்க வகுப்புகளில் புதிர்களைப் பயன்படுத்த வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. கல்வி இதழ்களில் எழுதப்படுகிறது. நமக்கும் அதில் முழு உடன்பாடே. ஆயினும் புதிரை வகுப்புக்குள் கொண்டுவருவது மட்டுமே போதாது என்பதும், விடை யார் கையில் இருக்கிறது என்பதே அது கற்பிக்குமா கற்பிக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் நம் கருத்து. அதனை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

விடுகதை தமிழில் நேற்று வந்ததன்று. தொல்காப்பியச் செய்யுளியல், பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு பிசி என்பதையும் ஒரு வகையாக வைத்துப் பேசுகிறது. இலக்கணம் வகுத்தவர் விடுகதையைப் பழமொழிக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அதோடு நில்லாமல் அதனை இரண்டாகவும் பகுத்தார். ஒப்புமை உடைய உவமையால் ஒரு பொருளை மறைத்துச் சொல்வது ஒருவகை. தோன்றும் இயல்புகளைக் கூறி, இன்னது என்று கேட்பவரைத் துணிய வைப்பது மற்றொரு வகை. தென்மாவட்டங்களில் இதனை அழிப்பாங்கதை என்பர். ஈழத்தில் நொடி என்பர். பெயர் எதுவாயினும் பாட்டி வீட்டுத் திண்ணையில் அது நடக்கும் முறை ஒன்றே. ஒருவர் போடுவார், மற்றவர் விடுவிப்பார், விடுவித்தவர் அடுத்ததைப் போடுவார்.

இந்தக் கடைசிச் செய்தி முதன்மையானது. வகுப்பறையில் வினாக் கேட்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் கேட்கிறார், பிள்ளை சொல்கிறது. விடை தெரிந்தவரே வினாக் கேட்கும் விந்தையான இடம் வகுப்பறை. வீதியில் வழி கேட்பவருக்கு வழி தெரியாது. கடையில் விலை கேட்பவருக்கு விலை தெரியாது. பள்ளியில் மட்டும் தெரிந்தவர் கேட்க, தெரியாதவர் நடுங்குகிறார். விடுகதையிலும் தெரிந்தவரே கேட்கிறார் என்பது உண்மை. ஆனால் அங்கே அந்த இடம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆறு வயதுப் பேத்தி போட்ட விடுகதைக்கு அறுபது வயதுத் தாத்தா விழிப்பார். சிறியவர் பெரியவரை வெல்ல மரபே இசைவு தந்த ஓர் இடம் அது. பாடநூலுக்கு விடுகதையைக் கொண்டுவந்த நாம், இந்த இசைவைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இனி, விடை ஒன்றே என்னும் எண்ணத்தைப் பார்ப்போம். அதே முகாமில் மறுநாள், விடைநூலில் இல்லாத ஒன்றை நாமே கட்டிப் போட்டோம். "காலில்லை, ஓடுகிறான், வாயில்லை, சத்தம் போடுகிறான். யார்?" நாம் மனத்தில் வைத்திருந்த விடை ஆறு. ஒரு பிள்ளை ஆறு என்றது. இன்னொன்று காற்று என்றது. காற்று ஓடுமா என்று கேட்டதற்கு, ஓடாவிட்டால் துணியெல்லாம் எப்படிப் பறக்கும் என்று திருப்பிக் கேட்டது. மூன்றாவதாக ஒரு சிறுவன் "ஃபேன்" என்றான். நம் மாணவர்கள் சிரித்தார்கள். அவனோ சிரிக்கவில்லை. "ஃபேன் ஓடுதுன்னுதானே சார் சொல்றோம்? எங்க கிளாஸ் ஃபேன் சத்தமும் போடும்" என்றான்.

தமிழில் முதுகலை படித்துவிட்டு, சொற்பொருள் மாற்றம் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர்கள் நாம். ஓடு என்னும் வினை ஆற்றுக்கும் வண்டிக்கும் கடிகாரத்துக்கும் மின்விசிறிக்கும் திரையரங்கில் படத்துக்கும் எவ்வாறு நீண்டு சென்றிருக்கிறது என்பதை அந்தச் சிறுவன் ஒரே சொல்லில் எடுத்து வைத்தான். தாளில் எழுதியிருந்தால் அவனுக்குச் சுழி கிடைத்திருக்கும். விடைநூலில் இருப்பது ஆறு. ஆசிரியர் செய்ய வேண்டுவது சரி, தவறு என்று சொல்வதன்று, "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்பது. பிள்ளை காட்டும் காரணம் பொருந்தினால் விடையும் பொருந்தும். பொருந்தவில்லை என்றால் அதையும் மற்றப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எழுத்தறிவுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். சொற்புதிர்கள் அதற்கென்றே இருக்கின்றன. கவிதை என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். கடைசி எழுத்தை மறைத்தால் கவி. முதல் எழுத்தை மறைத்தால் விதை. நடு எழுத்தை மறைத்தால் கதை. குதிரையையும் அவ்வாறே பிரிக்கலாம்: குதி, திரை, குரை. பலகைக்குள் பல இருக்கிறது, பகை இருக்கிறது, கை இருக்கிறது. இவற்றைத் தேடும் பிள்ளை ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே ஒலித்துப் பார்க்கிறது. சேர்த்தும் ஒலித்துப் பார்க்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தல் என்று நாம் சொல்லும் அந்தக் கடினமான பயிற்சியை யாரும் ஏவாமல் தானே செய்கிறது. பத்து முறை எழுதிவா என்றால் சோர்ந்துபோகும் பிள்ளை, இன்னும் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது என்றால் மணி அடித்த பிறகும் பலகை முன்னால் நிற்கிறது.

இதுவும் புதிதன்று. ஓரெழுத்தை நீக்க நீக்க வேறு வேறு சொல் தோன்றுவதை அக்கரச் சுதகம் என்றும், எழுத்தைக் கூட்டக் கூட்டச் சொல் வளர்வதை எழுத்து வருத்தனம் என்றும் தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் வைத்திருக்கிறது. முன்பின்னாகப் படித்தாலும் ஒன்றே போல் வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பட்ட வகுப்பில் இவற்றையெல்லாம் புலவரின் வெற்று வித்தை என்று இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். விகடகவி, தேரு வருதே என்று பிள்ளைகள் திருப்பித் திருப்பிச் சொல்லும்போது அந்த வித்தையின் உண்மையான இடம் எது என்று தெரிகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: ஆங்கிலக் குறுக்கெழுத்தைப் பார்த்து அப்படியே தமிழுக்குக் கட்டம் போடுவோர், தமிழில் ஒரு கட்டத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்தே வந்து உட்காரும் என்பதை மறந்துவிடக் கூடாது. கி-யும் கீ-யும் வேறு வேறு எழுத்துகள் என்பதைப் பிள்ளை கட்டத்தில் வைத்துத்தான் உணர்கிறது. கால் ஒன்று, சுழி ஒன்று மாறினால் சொல்லே மாறிப்போகும் என்பதை, எந்தக் கண்டிப்பையும்விடக் குறுக்கெழுத்து நன்றாகக் கற்பிக்கும்.

கணக்குக்கு வருவோம். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு வாய்பாடு உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிவதற்கு, காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அதனை 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும் என்கிறது அந்நூல். முள் 50 என்றால் சுளை 60. நம்மவர் பலர் இதைப் பழந்தமிழர் பெருமையாகச் சொல்லி மகிழ்கிறார்கள். வேறு சிலர் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு தரப்பாரும் பழத்தை அறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை!

நான்காம் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாமே. பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளிக்குப் பலாப்பழம் அரிய பொருளன்று. பழத்தை நடுவில் வைத்து, பிள்ளைகளை முள்ளெண்ணச் சொல்லுங்கள். சிறுமுள் எது, பெருமுள் எது, எந்த வரிசை வரை எண்ணுவது என்று முதலில் ஒரு வழக்கு எழும்; அதுவே அளவீட்டின் முதற்பாடம். பிறகு பெருக்கலும் வகுத்தலும். வகுத்தலில் மீதி வந்தால் அரைச் சுளை உண்டா என்னும் வினா எழும். பின்னத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறு கிடைக்காது. பிறகு அறுத்து எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துவந்தால் ஏன் ஒத்துவந்தது, அடுத்த பழத்துக்கும் வருமா என்று கேட்கலாம். வராவிட்டால் எண்ணியதில் பிழையா, வாய்பாட்டில் பிழையா என்று கேட்கலாம். விடை ஆசிரியரிடமும் இல்லை, நூலாசிரியரிடமும் இல்லை, பழத்துக்குள் இருக்கிறது. நல்ல புதிரின் இலக்கணம் இதுதான் என்பது நம் எண்ணம். முடிவில் சுளைகளைச் சமமாகப் பங்கிடும் கணக்கும் மிஞ்சும். அதில் பிழை நேர எந்தப் பிள்ளையும் விடாது.

வெட்டுப் படப் புதிரும் இத்தகையதே. 1760-களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்படக் கலைஞர் படத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டெல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகள் மீண்டும் பொருத்திப் பூகோளம் கற்கும்படி விற்றார். பழைய அட்டைப்பெட்டியில் தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி 38 மாவட்டங்களாக வெட்ட ஒரு மாலைப்பொழுது போதும். துண்டு பொருந்தும், அல்லது பொருந்தாது. தவறு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, அட்டையே சொல்லிவிடும். அட்டை சொன்னால் பிள்ளைக்கு அவமானமும் இல்லை.

புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒரே படகில் அக்கரை சேர்க்கும் புதிரை அறியாதவர் நம்மில் இலர். ஒருமுறைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாதபோது புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். சார்லமேன் மன்னர் அவையில் இருந்த ஆல்குவின் தொகுத்ததாகக் கருதப்படும், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த இலத்தீன் கணக்குத் தொகுப்பிலேயே ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று இது வருகிறது. இளையோரின் அறிவைக் கூராக்கும் கணக்குகள் என்னும் பொருள்பட அந்தத் தொகுப்புக்குப் பெயர்.

சுண்ணக்கட்டியால் வகுப்பறைத் தரையில் ஆறு வரைந்து, நான்கு பிள்ளைகளைப் படகோட்டியாகவும் புலியாகவும் ஆடாகவும் புல்லாகவும் நிறுத்திப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். முதலில் ஆட்டை அக்கரை சேர்ப்பது எளிது. அடுத்துப் புலியைக் கொண்டுபோனால், திரும்பும்போது ஆட்டை மறுபடி இக்கரைக்கே அழைத்து வர வேண்டும். சேர்த்துவிட்டதைத் திருப்பிக் கொண்டுவருவதா என்று மனம் மறுக்கிறது. பின்வாங்குவது தோல்வி என்றே நாம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். அந்த ஒரு தடையைத் தாண்டிவிட்டால் 7 பயணங்களில் வேலை முடிந்துவிடும். இதை விளக்கிச் சொன்னால் பத்து நிமிடம். பிள்ளைகளே கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை ஆகலாம். அந்த இரண்டு பாடவேளையும் வீண் என்று கருதுகிறவர் புதிரை வகுப்புக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. ஆசிரியரின் உதவி மிகையாகவும் கூடாது, குறையாகவும் கூடாது என்று 1945-இல் வெளிவந்த தம் நூலில் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போயா வலியுறுத்தினார். சொல்ல எளிது, நாவின் நுனியில் விடையை வைத்துக்கொண்டு வாளாவிருப்பது எத்தனை கடினம் என்பது ஆசிரியர்க்கே தெரியும்.

மறுப்புகளும் உண்டு. அவை புறந்தள்ளத் தக்கன அல்ல. பாடத்திட்டம் முடிய வேண்டும், நேரம் எங்கே என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் பதிவேடுகளையும் பார்த்துக்கொண்டு கற்பிப்பவரிடம், கல்லூரியில் இருந்துகொண்டு நாம் அறிவுரை சொல்வது எளிது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவையும் அவர்களே சுமந்தார்கள். அதை ஈடுசெய்யவே 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதற்கும் முன்னர், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் ஏணிப்படிகளையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. புதிய பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் விடை ஆசிரியரிடம் இருக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்வதே படிப்பு என்னும் பழைய எண்ணம் மாறாதவரை, எந்த அட்டையும் இன்னொரு நோட்ஸ் ஆகிவிடும். நேரம் பற்றி நாம் கேட்பது வாரத்துக்கு ஒரு கால்மணி மட்டுமே.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. புதிர் போட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே விடுவித்துவிடும். மற்றப் பிள்ளைகள் தாம் மக்கு என்று மேலும் ஒடுங்கிப்போவார்கள். இது முற்றிலும் உண்மை. கைதூக்கச் சொல்லி நடத்தும் புதிர், ஒருவனை வெற்றியாளனாக்கி முப்பது பேரைத் தோற்கடிக்கிறது. அதற்கு ஒரு சிறு விதி போதும்: விடை தெரிந்தவர் விடையைச் சொல்லக் கூடாது, ஒரு குறிப்புத்தான் தரலாம். நல்ல குறிப்புச் சொல்வது விடை சொல்வதைவிடக் கடினம். கெட்டிக்காரனுக்கும் அதில் வேலை இருக்கிறது. அதைவிடச் சிறந்த வழி, போடும் உரிமையையே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது.

முகாமின் கடைசி நாள் மாலை அதைத்தான் செய்தோம். யாரும் கேட்டிராத விடுகதை ஒன்றை ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், புத்தகத்தில் இருப்பது கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட்டோம். நோட்ஸ் பையனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை; பாவம், முகம் வாடியிருந்தான். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவள் என்று அப்பள்ளி ஆசிரியை முன்னரே நம்மிடம் சொல்லியிருந்தார். அவள் போட்டது இது: "எங்க தெரு முனையில ஒருத்தி. மூணு நாளைக்கு ஒருதரம் இருமுவா. அவ இருமினா தெருவே ஓடும்."

நமக்குத் தெரியவில்லை. உடன் இருந்த நம் மாணவர்களுக்கும் தெரியவில்லை. கோயில் மணி என்றார் ஒருவர். நோயாளிக் கிழவி என்றார் இன்னொருவர். ஊர்ப்பிள்ளைகளோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குறிப்புக் கேட்டோம். "ஓடுறவங்க கையில குடம் இருக்கும்" என்றாள். அதன் பிறகே விளங்கிற்று, குழாய். தண்ணீர் வருவதற்கு முன் காற்று வந்து குழாய் இருமும். மூன்று நாளுக்கு ஒருமுறை.

ஒப்புமை உடைய உவமையால் மறைத்துச் சொல்வது என்று செய்யுளியலை நாம் எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். ஆண்டுதோறும் மாணவர்கள் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். இலக்கணம் அறியாத ஒரு சிறுமி, தன் தெருவின் தாகத்தை எடுத்து ஒரு பிசி செய்துவிட்டாள். அதைப் பலகையில் எழுதச் சொன்னோம். தயங்கித் தயங்கி எழுதினாள். விடையைக் குலாய் என்று எழுதினாள். "ழ போடு" என்று ஊர்ப்பிள்ளைகள் கத்தினார்கள். அழித்துவிட்டு அவளே திருத்தினாள். அவள் தானாகப் பலகைக்கு வந்து எழுதியதை அன்றுதான் பார்த்ததாக ஆசிரியை சொன்னார். ஒரு மாலையில் அவள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நாம் சொல்லவில்லை. எழுத்துப் பயிற்சிக்குப் புதிர் மாற்றும் அன்று. நாள்தோறும் செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று அறிந்த பிள்ளைக்கும், பிறர் எழுதியதைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கும் அந்தப் பயிற்சி ஒன்றாக இராது.

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். நாட்டுப்புறவியல் தாளுக்காக நம் இளங்கலை மாணவர்கள் ஆண்டுதோறும் தத்தம் ஊர்களில் விடுகதைகளைத் திரட்டி ஒப்படைவாகத் தருகிறார்கள். பாட்டியிடம் கேட்டது, களத்துமேட்டில் கேட்டது என்று நல்ல நல்ல விடுகதைகள். மதிப்பெண் போட்டு, கட்டிவைத்து, துறை அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். மூன்றாண்டு கழித்துப் பழைய தாளோடு அவை எடைக்குப் போகின்றன. தொடக்கப்பள்ளிக்குப் புதிர் இல்லை என்று வருந்தும் நாமே செய்யும் வேலை இது. இந்த ஆண்டு முதல் அவற்றை எடைக்குப் போடுவதில்லை என்று துறையில் பேசி முடிவு செய்திருக்கிறோம். தொகுத்தவர் ஊரில் உள்ள தொடக்கப்பள்ளிக்கே அவை போகும். விடைகளைத் தனித்தாளில் எழுதி, அந்தத் தாளை அனுப்பாமல் நாமே வைத்துக்கொள்வதாக எண்ணம். பிள்ளைகள் நாம் அறியாத விடை ஏதேனும் கண்டுபிடித்தால், அவர்கள் எழுதி அனுப்பட்டும். நம் தாளில் சேர்த்துக்கொள்வோம்.